குளிர்காலத்தில் நின்றுபோன ஓட்டத்தை மீண்டும் தொடங்குவது எப்படி?

முன்பு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தீர்கள். வேலை, காய்ச்சல், பயணம் என்று ஏதோ ஒன்று குறுக்கே வந்தது, ஓட்டம் நின்றது. இப்போது மறுபடி தொடங்கலாம் என்று பார்த்தால் வெளியே இருட்டு, குளிர், தரையெல்லாம் ஈரம். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் இதில் நன்றாகத் திண்டாடியவன். வேண்டிய தகவல்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை.

எட்டு வாரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் உடை மாற்றும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். செலவு, கடைக்காரர் சொல்வதைவிடக் குறைவாகத்தான் ஆகும். இந்த எட்டு வாரமும் வேகத்தையும் தூரத்தையும் எண்ண வேண்டாம். வாரத்துக்கு எத்தனை முறை வெளியே போனோம் என்பதை மட்டும் எண்ணுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு எண்ணைக் காப்பாற்றத்தான்.

1. ஷூவைத் தேடும் முன் காகித வேலை

'பார்-க்யூ பிளஸ்' என்று ஒரு கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள்: இதய நோய் அல்லது ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, தலைச்சுற்றல் அல்லது மயக்கம், நீண்ட நாள் நோய், அதற்கான மருந்துகள், எலும்பு மூட்டுப் பிரச்சினை, மருத்துவக் கண்காணிப்பில்தான் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் மெதுவாகத் தொடங்கலாம். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அடுத்த பக்கங்களையும் நிரப்புங்கள். அது மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிடுங்கள்.

கோடையில் பிரச்சினை இல்லாமல் ஓடினோமே என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு வறண்ட குளிர்காற்றே மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். ஓடுவதற்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் முன்பு என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: சாப்பிடும் மருந்துகள், ஓட்டம் நின்று எத்தனை நாளாயிற்று, இனி என்ன செய்யப் போகிறீர்கள். 'ஓடலாமா?' என்று மட்டும் கேட்டால் 'பார்த்து ஓடுங்கள்' என்ற பதிலோடு வெளியே வர வேண்டியதுதான்.

இன்னொரு சின்ன வேலை. போனில் பூட்டுத் திரையிலேயே தெரியும் அவசர மருத்துவத் தகவல் பகுதி இருக்கிறது. ரத்த வகை, ஒவ்வாமை, அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை அதில் நிரப்புங்கள். அதையே ஒரு சிறு அட்டையிலும் எழுதி ஜாக்கெட் பையில் போடுங்கள். குளிரில் போன் பேட்டரி திடீரென்று படுத்துவிடும், அட்டை படுக்காது.

2. எங்கிருந்து தொடங்குவது?

பழைய நினைவில், விட்ட இடத்திலிருந்தே தொடங்குவதுதான் மிகப் பெரிய பொறி. இரண்டு வாரம் நின்றாலே உடம்பில் ரத்தத்தின் திரவ அளவு குறையத் தொடங்கிவிடும். அதனால்தான் பழைய வேகத்தில் ஓடினால் இதயம் படபடவென்று அடிக்கிறது. இரண்டு மூன்று மாதம் நின்றிருந்தால் மூச்சுத் திறன் கணிசமாக இறங்கியிருக்கும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. இடைவெளி இரண்டு வாரத்துக்குள் என்றால் பழைய தூரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தொடரலாம். ஒரு மாதம் வரை என்றால் பாதியிலிருந்து. ஒன்று முதல் மூன்று மாதம் என்றால் நடையும் ஓட்டமும் கலந்து. அதற்கு மேல் என்றால், ஒரு காலத்தில் மாரத்தான் ஓடியவராக இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவர் மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் தசைநாண்களும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது நான்காவது வாரத்தில் 'அட, பழைய ஆள் ஆகிவிட்டோமே' என்று தோன்றும். மூச்சு அப்படித்தான் சொல்லும். கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள். காயங்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் வருகின்றன.

3. நேரத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

'நேரம் கிடைக்கும்போது ஓடலாம்' என்பது குளிர்காலத்தில் நடக்கவே நடக்காது. வெளிச்சம் இருக்கும் நேரமே குறைவு. மூன்று வாய்ப்புகள் உண்டு.

மதியம்: முடிந்தால் இதுதான் சிறந்தது. நாளின் அதிக வெப்பம் நண்பகலுக்கும் பிற்பகலுக்கும் இடையில்தான் இருக்கும். வெளிச்சமும் உண்டு. காலையில் உறைந்து கிடந்த தரையும் ஓரளவு இளகியிருக்கும். உணவு இடைவேளை ஒரு மணி நேரம் என்றால் அரை மணி நேர ஓட்டம் உள்ளே அடங்கும். மெதுவாக ஓடினால் குளிரில் வியர்வையும் அதிகமில்லை.

காலை: வேறு எதுவும் குறுக்கே வராது என்பது இதன் பலம். ஆனால் நாளின் கடுங்குளிர் விடியலை ஒட்டித்தான் வரும். முந்தைய நாள் உருகிய தண்ணீர் இரவில் மறுபடி உறைந்து கிடப்பதும் இந்த நேரத்தில்தான்.

மாலை: வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். கதவைத் திறந்த கையோடு உடை மாற்றுங்கள், அல்லது வேலை இடத்திலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

எந்த நேரமானாலும் முந்தின இரவே உடை, சாக்ஸ், கையுறை, விளக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். காலையில் இருட்டில் ஒற்றைக் கையுறையைத் தேடும் ஐந்து நிமிடத்தில் மனசு மாறிவிடும். சாவி இருக்கும் இடம் உட்பட எதையும் யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் தினசரிப் பழக்கங்களை வைத்துப் பார்த்தபோது சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், அடுத்த முறை போனால் சரி. போகவே பிடிக்காத நாளில் பத்து நிமிடம் வெளியே போய்வாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் திரும்பத் தோன்றினால் திரும்பிவிடலாம். அதுவும் ஒரு முறைதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. உடையும் செலவும்

வெளியே காட்டும் வெப்பநிலையோடு பத்து டிகிரி கூட்டிக்கொண்டு அந்த வெப்பநிலைக்கு உடுத்துங்கள். வெளியே 2 டிகிரி என்றால், 12 டிகிரியில் நடக்கப் போகிறவர் உடுத்துவது போல. முதல் ஐந்து நிமிடம் குளிர வேண்டும். கதவருகிலேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வேர்த்து ஊற்றும், அந்த ஈரம்தான் பிறகு நடுங்க வைக்கும்.

பருத்தி வேண்டாம். வியர்வையை இழுத்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிக் கிடக்கும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். பூஜ்யத்துக்கு மேலே இவ்வளவே பெரும்பாலும் போதும். மைனஸ் 5-க்குக் கீழே போனால் நடுவில் ஓர் அடுக்கு சேருங்கள். மைனஸ் 10-க்குக் கீழே விரல்கள் தனித்தனியாக இல்லாத கையுறை நல்லது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் சூடு நிற்கும்.

செலவு செய்ய வேண்டிய வரிசை:

முதலில் ஷூ, அதுவும் பழையது தேய்ந்திருந்தால் மட்டும். ஒரு ஜோடி சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும். அடுத்து கையுறையும் காதை மூடும் குல்லாவும். இவை மலிவு, பலனோ அதிகம். மூன்றாவது விளக்கு. நான்காவது காற்றுத் தடுப்பு ஜாக்கெட். மற்றவை எட்டு வாரம் கழித்து. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டு உடையைப் போட்டே தொடங்கலாம். கோடை டி-ஷர்ட்டின் மேல் இன்னொரு முழுக்கைச் சட்டை போட்டால் அதுவும் அடுக்குதான். சீசன் முடியும்போது குளிர்கால உடைகளின் விலை இறங்கும், ஜாக்கெட்டை அப்போது வாங்குங்கள்.

தண்ணீரே புகாத தடித்த மழைக்கோட்டை வாங்கிவிட வேண்டாம். வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள் வியர்வையும் வெளியே போகாது.

5. வண்டிக்காரர் கண்ணில் படுங்கள்

பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு உடை இருந்தால் இருட்டில் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அந்த நிறங்கள் பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் பளிச்சிடுகின்றன. இருட்டில் வேலை செய்வது வண்டி விளக்கைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டை. அதையும் மார்பில் மட்டும் போடாமல் கணுக்காலிலும் முழங்காலிலும் போடுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைப் பார்த்தவுடன் 'மனிதர்' என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

நெற்றி விளக்கு, நீங்கள் தரையைப் பார்க்க. முதுகில் ஒரு சிவப்பு விளக்கு, மற்றவர் உங்களைப் பார்க்க. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். விளக்கை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் சார்ஜில் போடுங்கள், குளிரில் அதன் பேட்டரியும் சீக்கிரம் தீரும். போனை உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

6. தரை

புதுப் பனியில் ஓடுவது சிரமமானாலும் ஆபத்து குறைவு. பயப்பட வேண்டியது, ஈரமான தார் போலத் தெரியும் கண்ணாடிப் பனிக்கட்டிக்கு. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழும் போகும் நாட்களில், பாலங்களிலும் வெயில் படாத சுவரோரங்களிலும் அது இருக்கும். அடிகளைச் சின்னதாக வைத்து, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி ஓடுங்கள். வளைவுகளில் நடந்துவிடுங்கள். ஷூவின் மேல் மாட்டும் முள்பட்டை கிடைக்கும், முழுக்க உறைந்த பாதைக்கு அது நல்லது. வெறும் தாரிலும் கல் தரையிலும் அதுவே வழுக்கும்.

நீளமான ஒரே சுற்றுக்குப் பதில், பனி நீக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் பாதையிலேயே திரும்பத் திரும்ப ஓடலாம். அலுப்பாக இருக்கும். ஆனால் முதல் சுற்றிலேயே எங்கே வழுக்கும் என்று தெரிந்துவிடும், வீடும் பக்கத்திலேயே இருக்கும்.

7. எட்டு வார அட்டவணை

மூன்று மாதத்துக்கு மேல் ஓடாமல் இருந்தவர்களுக்கானது இது. இடைவெளி ஒன்று முதல் மூன்று மாதம் என்றால் மூன்றாவது வாரத்திலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று முறை, நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் வேக நடை.

வாரம் 1, 2: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்து தடவை.
வாரம் 3, 4: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஆறு தடவை.
வாரம் 5, 6: ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. நான்கு தடவை.
வாரம் 7, 8: 20 முதல் 25 நிமிடம் நிற்காத ஓட்டம்.

வேகம்? பக்கத்தில் ஒருவர் ஓடினால் அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒற்றைச் சொல்லாகத்தான் பதில் வருகிறதென்றால் வேகம் அதிகம். மணிக்கட்டு வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை நம்பி ஓட வேண்டாம். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் அது அடிக்கடி தப்பாகக் காட்டும்.

பனிப்புயலாலோ ஜலதோஷத்தாலோ ஒரு வாரம் போய்விட்டால், முந்தைய வாரத்தையே திரும்பச் செய்யுங்கள். விட்டதைப் பிடிக்க ஒரே வாரத்தில் ஐந்து முறை ஓடுவது வேண்டவே வேண்டாம்.

ஒரு நோட்டில் தேதி, நிமிடம், கால் எப்படி இருந்தது என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். பிறகு வலி வந்தால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான். ஆப் இருந்தாலும் கால் எப்படி இருந்தது என்று அது எழுதாது.

8. எப்போது போகக் கூடாது

காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி இருந்தால் ஓட வேண்டாம். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாகப் போய்ப் பார்க்கலாம். காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடக் கிளம்பாதீர்கள், அன்றாட வேலைகள் களைப்பில்லாமல் நடக்கும் வரை பொறுங்கள்.

வானிலை ஆப்பில் வெறும் வெப்பநிலையைப் பார்த்தால் போதாது. காற்றையும் சேர்த்து 'உணரப்படும் வெப்பநிலை' என்று ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். அது மைனஸ் 27-க்குக் கீழே போனால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள்ளேயே உறைந்துபோகலாம். அதற்கு ரொம்ப முன்பே ஒரு புதியவர் உள்ளே இருந்துவிடுவது நல்லது. என் எல்லை மைனஸ் 15, உங்கள் எல்லையை நீங்களே வையுங்கள். ஆனால் சீசன் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள், காலையில் ஜன்னலருகே நின்றுகொண்டு அல்ல.

காற்றடிக்கும் நாளில் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்று முதுகைத் தள்ளத் திரும்புங்கள். மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் வர நேரும். மெல்லிய கழுத்துத் துணியை மூக்குக்கும் வாய்க்கும் மேலே இழுத்துக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும், தொண்டை எரியாது. ஓடி முடித்த பிறகு தொடர்ந்து இருமல், நெஞ்சில் விசில் சத்தம், இறுக்கம் என்று வந்தால் 'குளிர்தானே' என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

9. திரும்பி வந்ததும்

ஈர உடையை உடனே மாற்றுங்கள். போனைப் பார்ப்பது, ஓட்டத்தைப் பகிர்வது எல்லாம் அப்புறம். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் உடம்பு தண்ணீர் இழந்திருக்கும், குடியுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அறைக்குள் காய வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும். ஷூவை இரவில் வெளியேயோ வண்டியிலோ விட்டுவைக்கவும் வேண்டாம். குளிரில் அடிப்பஞ்சு இறுகி, முதல் கிலோமீட்டர் கட்டைமேல் ஓடுவது போல இருக்கும்.

10. ஜிம்மில் சேரலாமா?

டிரெட்மில் நல்ல மாற்று. ஆனால் பணம் வீணாகும் இடமும் இதுதான். புத்தாண்டை ஒட்டி வரும் சலுகைகள் பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவுக்குத்தான். உங்களுக்குத் தேவை இரண்டு மூன்று மாதம். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: குறைந்தபட்சக் காலம், ரத்து செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், சேர்க்கைக் கட்டணம் தனியா, காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படுமா. வரவேற்பில் இருப்பவர் 'எப்ப வேணாலும் நிறுத்தலாம்' என்று வாயால் சொல்வது கணக்கில் வராது. ரத்து செய்யும்போது மின்னஞ்சலில் எழுதி, பதிலைச் சேமித்து வையுங்கள். ஒற்றை நாள் கட்டணமோ பத்து முறைக்கான அட்டையோ இருந்தால், பனிப்புயல் நாட்களுக்கு அதுவே போதும்.

டிரெட்மில்லில் ஒரு சதவீத ஏற்றம் வைத்தே ஆக வேண்டும் என்பார்கள். அது வேகமாக ஓடுபவர்களுக்கு. மெது ஓட்டத்தில் எதிர்காற்றின் தடை பெரிதாக இல்லை, சமதளத்திலேயே வையுங்கள்.

11. வலி வந்தால்

ஓடிய மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை முழுக்கப் பரவி, இரண்டு காலிலும் இருக்கும் வலி சாதாரணம். மூன்று நான்கு நாளில் போய்விடும். ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில், ஓட ஓடக் கூடும் வலி வேறு. அது ராத்திரியிலும் வலித்தால் எலும்பில் கீறலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் பிடிப்பது நாளுக்கு நாள் கூடுகிறதென்றால் ஒரு வாரம் பின்னோக்கிப் போங்கள்.

12. போட்டிக்குப் பெயர் கொடுப்பது

தேதி குறித்துக்கொண்டால் உற்சாகம் வரும், உண்மைதான். ஆனால் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 12 வாரம் தள்ளி, 5 கிலோமீட்டர் ஓட்டமாகப் பாருங்கள். பல ஓட்டங்களில் நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். அந்த முன்பதிவுச் சலுகைக்காக முதல் வாரத்திலேயே பணம் கட்ட வேண்டாம், நான்காவது வாரம் முடியட்டும். கட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: பணம் திரும்பக் கிடைக்குமா, இடத்தை வேறொருவருக்கு மாற்றித் தரலாமா, மோசமான வானிலையால் ரத்தானால் என்ன செய்வார்கள். சில நாடுகளில் மருத்துவச் சான்றிதழோ உடல்நல உறுதிமொழியோ கேட்பார்கள். முதல் படியில் மருத்துவரைப் பார்க்கப் போகும்போதே அதையும் கேட்டு வாங்கினால் இரண்டாவது முறை கட்டணம் மிச்சம். சான்றிதழ் ஓட்டம் நடக்கும் நாளன்றும் செல்லுபடியாகுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.